வாவிக்கரையிலிருந்து: ஊர் நகரமாகும்போது...



கடந்த இரண்டு மாதங்களில் மூன்று இடங்களில் பெண்களோடு கூடியிருந்து கதைக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஒன்று படுவான்கரையில் கொக்கட்டிச்சோலையை அண்டிய ஒரு கிராமம். இரண்டாவது, சுனாமிக்குப் பின் மக்கள் குடியேற்றப்பட்ட திராய்மடு. மூன்றாவது, நான் இப்போது வாடகைக்குக் குடியிருக்கும் கல்லடிப் பக்கத்து ஒழுங்கை. மூன்று இடங்களிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். "உங்கட ஊர் வேகமா மாறிக்கொண்டு வருது. இந்த மாற்றம் உங்கட வாழ்க்கைக்கு என்ன செய்தது?"

பதில்கள் ஒரே மாதிரி இருக்கவில்லை. ஒருவர் நன்மை என்று சொன்னதை அருகில் இருந்தவரே தீமை என்றார். சிலர் ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னார்கள். கதைத்தவர்களின் பெயர்களை, அவர்கள் கேட்டுக்கொண்டபடி, இங்கு தவிர்த்திருக்கின்றேன்.

எது நகரம்?

உலக மக்களில் அரைவாசிக்கும் அதிகமானோர் நகரங்களில் வாழத் தொடங்கியது 2007 ஆம் ஆண்டளவில் என்று ஐக்கிய நாடுகள் சபை கணித்திருக்கின்றது. இலங்கையிலோ 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நகரவாசிகள் 18.2 வீதம் மாத்திரமே. இதைப் பார்த்து நாம் இன்னும் கிராமத்து மக்கள்தான் என்று எண்ணிவிடக் கூடாது. மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பவர்களை மட்டுமே நமது நாட்டில் நகரவாசிகளாகக் கணக்கிடுகிறார்கள். முன்பிருந்த பட்டின சபைகள் 1987 இல் பிரதேச சபைகளோடு சேர்க்கப்பட்டபோது பல சிறு பட்டினங்கள் கணக்கில் கிராமங்களாகிவிட்டன. ஆரையம்பதியில் இருந்து களுவாஞ்சிக்குடி வரை பிரதான வீதியால் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். கடைக்கும் கடைக்கும் இடையே வெறும் காணியைத் தேடவேண்டி இருக்கும். கடதாசியில் அது கிராமம்தான்.

நமது வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதற்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலமாக இருப்பது எழுவான்கரை. வாவிக்கு அப்பால் வயலும் மேட்டு நிலமுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. எழுவான்கரையில் ஊர் பெருத்தால் பக்கவாட்டில் விரிவதற்கு இடமில்லை. ஒரு புறம் கடல், மறுபுறம் வாவி. ஆகவே வளவுகள் துண்டாகின்றன, வாவியோரம் மண்ணிட்டு நிரப்பப்படுகின்றது, கண்டல் மரங்கள் வெட்டப்படுகின்றன. 2011 தை மாத வெள்ளத்திலும் 2024 கார்த்திகை வெள்ளத்திலும் தண்ணீர் போக இடமின்றி வீடுகளுக்குள் நின்றதை நாம் மறக்கவில்லை.

பாலத்தால் வந்தவை

படுவான்கரையில் கதை பாலத்தில்தான் தொடங்கியது. மண்முனைத்துறைப் பாலம் ஜப்பானிய உதவியோடு கட்டப்பட்டு 2014 இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் அந்த இடத்தில் வாவியைக் கடப்பதென்றால் படகுப்பாதைக்குக் காத்திருக்கவேண்டும். என் சிறு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் துறையடியில் வெயிலில் நின்ற ஞாபகம் எனக்கும் உண்டு.

"என்ர மூத்தவளுக்கு வயித்துக்குத்து வந்த நேரம் இரவு. பாதை ஓடாது. ஆமிக்காரனிட்டச் சொல்லி, தோணி தேடி, அக்கரைக்குப் போய்ச் சேர விடிஞ்சிட்டு. புள்ள தப்பினது அம்மாளாச்சி புண்ணியம். இப்ப என்ர பேத்திய ஆட்டோவில ஏத்தி அரை மணித்தியாலத்துல ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போன" என்றார் ஒரு பெரியம்மா. 1987 இலும் 1991 இலும் அந்தப் பக்கத்தில் நடந்த படுகொலைகளில் உறவுகளை இழந்த குடும்பம் அவருடையது. ஓடுவதற்கும் வழியின்றி வாவி மறித்து நின்ற காலத்தைப் பார்த்த அவருக்குப் பாலம் என்பது சாதாரண காரியமல்ல. "நகரம் வந்தா என்ன, நாசம் வந்தா என்ன, பாலம் வேணும்" என்று முடித்தார்.

அவருக்குப் பக்கத்தில் இருந்த அக்கா உடனே சொன்னார்: "பாலத்தால ஆசுப்பத்திரி மட்டுமா கிட்ட வந்த? கிழமைக் கடன்காரனும் அதாலதான் வந்தான்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஆனால் அது சிரிக்கும் விடயமல்ல என்று எல்லாருக்கும் தெரியும். யுத்தத்தின் பின் மோட்டார் சைக்கிளில் வீட்டு வாசலுக்கே வந்த நுண்கடன் நிறுவனங்கள் பெண்களையே தேடின. ஐந்து பேர் சேர்ந்தால் கடன். ஒருவர் கட்டத் தவறினால் மற்ற நால்வரும் கட்டவேண்டும். இதனால் அயலவர்கள் ஒருவருக்கொருவர் காவல்காரராக மாறினார்கள். 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. வட்டிக்கு 35 வீதம் என உச்ச எல்லையும் விதிக்கப்பட்டது. நிவாரணம் சிலருக்குக் கிடைத்தது. அந்த அக்காவுக்குக் கிடைக்கவில்லை. "வெள்ளிக்கிழமை மோட்டர் சைக்கிள் சத்தம் கேட்டா வீட்டுக்குள்ள ஒளிச்சிருப்பன். ஷெல்லுக்கு ஒளிச்ச மாதிரி" என்றார்.

பாலத்தால் போனவையும் உண்டு. அதிகாலையில் பிள்ளைகள் ஆடைத்தொழிற்சாலைக்கும் நகரத்துக் கடைகளுக்கும் வேலைக்குப் போகின்றார்கள். தாய்மார் இரவு பஸ் வரும்வரை வீதியில் நிற்கின்றார்கள். இதைப்பற்றித் தாய்மார் கவலையோடு கதைத்துக்கொண்டிருக்க, பின்வரிசையில் இருந்த ஒரு தங்கை எழுந்தாள். வயது இருபது இருக்கும். "அம்மாக்கள் பயப்படுறது விளங்குது மிஸ். ஆனா நான் சம்பளம் எடுத்த பிறகுதான் எங்கட வீட்டுல என்னட்டயும் ஒரு கதை கேக்கிறாங்க" என்றாள். கூட்டம் அமைதியாகிவிட்டது. அவளின் தாய் தலையைக் குனிந்தபடி சிரித்தார்.

அயலின் கண்

இனி எனது ஒழுங்கைக் கதைக்கு வருகின்றேன். இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். மற்றவர்களின் கதையை எழுதுகின்றவள் தன்னுடையதை மறைப்பது சரியல்ல.

நான் இருக்கும் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையில் ஆறடி மதில். உச்சியில் போத்தல் ஓடு பதித்திருக்கிறது. பக்கத்து வீட்டில் எழுபது வயதைக் கடந்த ஒரு மாமி தனியாக இருக்கின்றார். பிள்ளைகள் வெளிநாட்டில். வந்த புதிதில் இரண்டு தடவை கதைத்தேன். பின்னர் வேலை, கூட்டம், அறிக்கை என்று நாட்கள் போய்விட்டன. சென்ற வருடம் ஒரு இரவு மாமி குளியலறைப் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து எழும்பமுடியாமல் கிடந்திருக்கின்றார். கூப்பிட்டிருக்கின்றார். எனக்கு ஏதோ சத்தம் கேட்டது. பூனை என்று நினைத்தேன். காற்றாடியைக் கூட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். காலையில் பாண் விற்கும் ஆட்டோக்காரர்தான் வழமையாக வரும் மாமியைக் காணவில்லையே என்று படலையைத் தட்டி, சத்தம் கேட்டு, என்னைக் கூப்பிட்டார்.

அந்த இரவு நான் எழுதிக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? கிராமியப் பெண்களிடையே பரஸ்பர உதவி என்ற தலைப்பில் ஓர் அறிக்கை.

ஆரையம்பதியில் நான் வளர்ந்த வளவுக்குக் கிடுகு வேலி. பெரியம்மா வீட்டுக்குப் போக, வேலியில் குனிந்து போகும் அளவுக்கு ஒரு வழி இருந்தது. அடுப்புப் புகை எழவில்லை என்றால் "என்னகா, இன்டைக்குச் சமைக்கல்லயா?" என்று குரல் வரும். அந்த வேலி இருந்திருந்தால் மாமி ஒரு இரவு முழுதும் சீமெந்துத் தரையில் கிடந்திருக்கமாட்டார்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கும்போது பேர்டினன்ட் ரொனீஸ் என்ற ஜேர்மனியரைப் பற்றிப் படித்தோம். உறவாலும் அயலாலும் கட்டப்பட்ட கூட்டு வாழ்வு, தேவையாலும் ஒப்பந்தத்தாலும் கட்டப்பட்ட நகர வாழ்வு என்று சமூகத்தை இரண்டாகப் பிரித்து அவர் 1887 இல் எழுதினார். பரீட்சைக்காகப் பாடமாக்கிய அந்த வேறுபாடு எனக்கு விளங்கியது மாமியின் கட்டிலருகில்தான். அமெரிக்காவில் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பெண் 1961 இல் எழுதிய நூலில், ஒரு தெருவைப் பாதுகாப்பது பொலிஸ் மாத்திரமல்ல, யன்னலாலும் கடை வாசலாலும் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் சாதாரண மக்களின் கண்களே என்றார். மதில் கள்வனை மறிக்கலாம். உள்ளே அடிபடும் பெண்ணின் குரலையும் அதுதான் மறிக்கின்றது. வீட்டு வன்முறை தொடர்பாக என்னிடம் வரும் சகோதரிகளில் பலர் சொல்வது, "பக்கத்தில யாருக்கும் தெரியாது" என்பதைத்தான்.

ஆனால் அந்தக் கண் சுடவும் செய்யும்

இதையே திராய்மடுவில் சொன்னபோது ஒரு சகோதரி என்னை மறுத்தார். நாவலடியில் பிறந்தவர். 1990 இல் தகப்பனையும் 2004 மார்கழி 26 இல் கணவனையும் ஒரு பிள்ளையையும் இழந்தவர்.

"மிஸ், நீங்க வேலி நல்லம் எண்டு சொல்றீங்க. அந்த வேலிக்குள்ளதான் நான் வெள்ளச் சீலையோட இருந்த. ஒரு கலியாண வீட்டுக்கு முன்னுக்குப் போய் நிக்கேலா. ஆரோடயும் சிரிச்சுக் கதைச்சா அண்டு பின்னேரம் ஊரெல்லாம் கதை. இஞ்ச வந்த புதுசுல ஆரும் ஆரயும் தெரியாது. கடல் இல்ல, தொழில் இல்ல, அழுத நான். மறுகா ஒரு நாள் சிவப்புச் சீலை கட்டிக்கிட்டு டவுனுக்குப் போன. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல்ல. அண்டைக்குத்தான் எனக்கு மூச்சு வந்த."

அவர் சொன்னதை நான் அப்படியே ஏற்றுக்கொள்கின்றேன். யுத்தம் நம்மில் எத்தனையோ பேரை விதவைகளாகவும், கணவன் இருக்கின்றானா இல்லையா என்று தெரியாதவர்களாகவும் ஆக்கியது. 2016 ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு வீட்டுக்குப் பெண்ணே தலைவி. அத்தகைய பெண்ணுக்கு அயல் தாங்கியாகவும் இருந்தது, தண்டனையாகவும் இருந்தது. நகரம் அந்தத் தண்டனையைத் தளர்த்தியிருக்கின்றது. பழைய ஊர் எல்லாம் நல்லது என்று கண்ணீர் விடுவதற்கு எமக்கு உரிமையில்லை. தாங்கலை வைத்துக்கொண்டு தண்டனையை விடுவது எப்படி என்பதே நாம் யோசிக்கவேண்டியது.

வளவு யாருடையது?

மூன்று இடங்களிலும் கடைசியில் கதை காணிக்கே வந்தது. மட்டக்களப்பில் வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகப் போவது நமது வழமை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். சீதனத்தின் தீமைகளைப் பற்றி இப்பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கின்றேன். ஆயினும் வீடு பெண்ணின் பெயரில் இருப்பது, கணவன் இல்லாமற்போன காலத்தில் எத்தனை பெண்களைத் தெருவில் நிற்காமல் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. சுனாமிக்குப் பின் கொடுக்கப்பட்ட வீடுகள் பல, 'குடும்பத் தலைவர்' என்று கணவனின் பெயரில் எழுதப்பட்டபோது மட்டக்களப்புப் பெண்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தது அதனால்தான்.

இப்போது வேறு விதமான நெருக்கடி. காணி விலை ஏற ஏறச் சீதனமும் ஏறுகின்றது. பிரதான வீதியோரம் வீடு வேண்டும், மேல்மாடி வேண்டும் என்கின்றார்கள். அதைக் கட்டத் தாய் மத்திய கிழக்குக்குப் போகின்றாள். கட்டி முடிந்ததும் வீடு மகளுக்கு. முன்பு பின்வளவில் ஒரு குசினியாவது தாய்க்கு இருந்தது. பத்துப் பேர்ச்சில் பின்வளவு ஏது?

பத்துப் பேர்ச் என்பது ஏறத்தாழ 2720 சதுர அடி. சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 52 அடி. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே 50 அடியாவது இருக்கவேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். உங்கள் வளவுக்குள் ஒருவாறு சமாளித்தாலும் பக்கத்து வளவின் குழி உங்கள் கிணற்றடியில் இருக்கும். மணல் நிலத்தில் அது ஊறி வரும். குழாய்த் தண்ணீர் வந்த இடங்களிலும் தண்ணீர்ப் பட்டியல் கட்டும் சுமை பெண்ணின் தலையிலேயே. 2022 இல் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் இல்லாமற்போனபோது ஒரு முருங்கையும் நாலு தென்னையும் விறகும் கிணறும் உள்ள வளவுக்காரி சமாளித்தாள். மேல்மாடிக்காரி அடுப்பு மூட்ட இடமின்றித் தவித்தாள்.

கூட்டம் முடிந்து மறுநாள் படுவான்கரை அக்கா, வெள்ளிக்கிழமைகளில் ஒளிந்திருப்பதாகச் சொன்னவர், என்னிடம் வந்தார். அவருக்கு எழுவான்கரையில் தாய் கொடுத்த நாற்பது பேர்ச் வளவொன்று உண்டு. 2007 இடப்பெயர்வில் அங்குதான் கொட்டில் போட்டுப் பிள்ளைகளோடு இருந்தார். பின்னர் வயல் வேலைக்காக அக்கரைக்குத் திரும்பினார். இப்போது தரகர் ஒருவர் முழு வளவையும் கேட்கின்றார். மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லவேண்டுமாம். மூன்று கடனையும் அடைத்து மகளின் கலியாணத்தையும் முடிக்கலாம் என்று மகனும் தம்பியும் நெருக்குகின்றார்கள். "வித்தா நிம்மதியாப் படுப்பன். ஆனா இன்னொருக்கா ஓடவேண்டி வந்தா எங்க போறது?" என்று கேட்டார்.

யுத்தம் முடிந்து பதினைந்து வருடங்களுக்கு மேலாகியும் ஒரு பெண் காணியை, ஓடிப்போக இருக்கும் இடமாகத்தான் கணக்கிடுகின்றாள். இதை எந்த அபிவிருத்தித் திட்டத்தின் வரைபடத்திலும் நான் கண்டதில்லை.

விற்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடன் எனக்கு இல்லையே. இருவரும் இருந்து கணக்குப் பார்த்தோம். உறுதி அவர் பெயரில் இருந்தது. தேசவழமைச் சட்டம் வடபகுதித் தமிழருக்குரியது. நமக்குப் பொதுச் சட்டமே. ஆகவே தன் பெயரிலுள்ள சொத்தைப் பற்றி முடிவெடுக்க மகனுடைய கையெழுத்தோ தம்பியுடைய கையெழுத்தோ தேவையில்லை என்பதைச் சட்டத்தரணி ஒருவரிடமும் கேட்டு உறுதிப்படுத்தினோம். கடைசியில் முன்பக்கம் பத்துப் பேர்ச்சை மாத்திரம் விற்க அவர் தீர்மானித்தார். நில அளவையாளரைக் கொண்டு அளந்து, பின்வளவுக்குப் போகும் வழியை உறுதியில் எழுதவேண்டும் என்று அவரே கேட்டார். மூன்று கடனில் இரண்டு தீர்ந்தது. கலியாணம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. மகன் தாயோடு இன்னும் கதைப்பதில்லை. முடிவு முழுக்க இனிப்பானதென்று நான் பொய் சொல்லமாட்டேன்.

நாம் செய்யக்கூடியவை

சகோதரிகளே, நகரம் வருவதை நம்மால் மறிக்கமுடியாது. அது வரும் விதத்தில் நமக்கும் ஒரு சொல் இருக்கவேண்டும்.

முதலாவது, காணி. உங்களிடம் இருப்பது உறுதியா, அரச அனுமதிப்பத்திரமா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றி விற்கவோ கைமாற்றவோ முடியாது. தரகர் நீட்டும் வெற்றுத் தாளில் ஒப்பமிடாதீர்கள். காணி அபிவிருத்திச் சட்டத்தில் ஆண் பிள்ளைக்கு இருந்த முன்னுரிமை 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் நீக்கப்பட்டுவிட்டது. மகளும் வாரிசுதான்.

இரண்டாவது, சபை. உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத இடம் 2018 தேர்தலில் இருந்து நடைமுறையில் உள்ளது. உங்கள் பகுதிப் பெண் உறுப்பினர் யார் என்று அறிந்து தெருவிளக்கு, வடிகான், குப்பை, இரவு பஸ் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கின்றது.

மூன்றாவது, அயல். மதிலுக்கு மேலால் ஒரு தொலைபேசி இலக்கமாவது போய்வரட்டும். அடி விழும் சத்தம் கேட்டால் பூனை என்று நினைக்காதீர்கள். 1938 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் பெண்களுக்கான உதவி கிடைக்கும். 2005 ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம்.

மாமி இப்போது தடியூன்றி நடக்கின்றார். நாங்கள் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். காலை ஆறு மணிக்கு அவருடைய முன்விறாந்தை விளக்கு அணையவேண்டும். அணையாவிட்டால் நான் போய்த் தட்டவேண்டும். ஒரு திறப்பு என்னிடம் இருக்கின்றது. எதிர் வீட்டுச் சகோதரியும் இப்போது இதில் சேர்ந்திருக்கின்றார். மதில் அப்படியேதான் இருக்கின்றது.

உங்கள் ஊரிலும் பாலமோ வீதியோ கடைத்தெருவோ வந்திருக்கும். அது உங்களுக்குக் கொடுத்தது எது, எடுத்தது எது? இரண்டையும் எழுதி அனுப்புங்கள். பெயர் போடவேண்டாம் என்றால் போடமாட்டோம். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவித்தாலும் போதும். அடுத்த இதழ்களில் உங்கள் கருத்துக்களுக்கு இப்பக்கத்தைத் தருகின்றேன்.